பின்பிடி

கிரேன் என்று பட்டறையில் பெயர் வாங்கியவனிடம், பாதி வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கூட வந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

தொப்புளுக்கு மேலே வயிற்றுத் தசை விட்டுப்போய், குடல் அந்த வழியாக எட்டிப் பார்த்திருந்தது. அதை உள்ளே தள்ளி, ஒரு வலைத் துண்டை வைத்துத் தைத்து மூடியிருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான். காலையில் போனவன் மறுநாள் வீட்டில் இருந்தான். ஆனால் இருமினால் வலித்தது, தும்மினால் உயிர் போய் வந்தது, சிரித்தால் அதைவிட மோசம். பார்க்க வந்த பட்டறை ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டு ஆளுக்கொரு ஜோக் சொன்னார்கள். கிரேனே ரிப்பேர் என்றால் நாங்களெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்றான் ஒருவன். கிரேன் வயிற்றை ஒரு தலையணையால் அமுக்கிக்கொண்டு, போங்கடா என்று கையால் மட்டும் சொன்னான்.

அது கண்ணாடிப் பட்டறை. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஆளைவிட உயரமான கண்ணாடிகளை வெட்டி, ஓரம் தேய்த்து, கொண்டுபோய்ப் பொருத்துகிற இடம். பெரிய கண்ணாடியைப் படுக்க வைத்துத் தூக்க முடியாது. தன் பாரத்திலேயே உடைந்துவிடும். நிறுத்தித்தான் தூக்க வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்னால் போகிறவருக்கு முன்பிடி என்று பெயர், பின்னால் வருகிறவருக்குப் பின்பிடி. வழி பார்ப்பதும் நில், திரும்பு, படி என்று சொல்வதும் முன்பிடியின் வேலை. பின்பிடிக்குத் தெரிவதெல்லாம் கண்ணாடியின் ஓரமும் முன்பிடியின் பிடரியும்தான். முன்னால் சொல்கிற சொல்லை நம்பி நடக்க வேண்டும். கண்ணாடியில் கை வைத்துவிட்டால் ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கமே அங்கே கிடையாது. கேள்வி கேட்கும் நேரத்தில் கண்ணாடி விழுந்துவிடும்.

கிரேன் பின்பிடி. அவனுக்கு முன்பிடி அவனுடைய அக்கா புருஷன். அவர் எடுத்துப் போகும் கண்ணாடி நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் என்பதால் பட்டறையில் அவருக்கு நூல் என்று பெயர். அவனுக்கு அத்தான். அவர்தான் அவனை அந்தப் பட்டறைக்குக் கூட்டி வந்தார், கையுறை போடுவதிலிருந்து கற்றுக்கொடுத்தார். இருவரும் ஜோடி சேர்ந்த பிறகு ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. சிக்கலான மாடிப்படி, குறுகலான திருப்பம் என்றால் சூப்பர்வைசர் வேறு யாரையும் யோசிக்க மாட்டார்.

தூக்குவதற்கு முன்னால் அத்தான் ஒரு வார்த்தை சொல்வார். "உள்ளே வா, மாப்ளே." கிரேன் கண்ணாடியின் நடுப்பக்கமாக நகர்ந்து பிடித்துக்கொள்வான். உள்ளே நின்றால் திருப்பத்தில் லேசாக இருக்கும் என்று அவர் முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார். முதலில் அரைச் சாண் அளவு நகர்ந்தது, போகப் போக ஒரு முழத்துக்கு வந்துவிட்டது. மற்ற ஜோடிகள் அப்படிச் செய்வதில்லை. அது நம்ம ஜோடியின் தொழில் ரகசியம் என்று கிரேனுக்கு ஒரு பெருமை.

அந்தப் பின்பிடியை விட்டுவிடக் கூடாது என்பதுதான் படுத்திருந்த நாளெல்லாம் அவனுடைய ஒரே கவலை. ஆபரேஷன் ஆனவர்களை ஓரம் தேய்க்கிற மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அவள் சிறிய பெண், குரலும் சிறியது. ஆனால் கண்டிப்பில் குறைவில்லை. முதலில் மூச்சு. மூக்கால் இழுத்து, வயிறு உப்ப, மெல்ல விட வேண்டும். பிறகு படுத்தபடி முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். பிறகு நடை. வலி வந்தால் நிறுத்த வேண்டும், வீரம் காட்டக் கூடாது. அவன் இடுப்பை எழுப்பும்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, சரி, மறுபடியும் ஒன்று என்பாள். பாரம் தூக்கினவன் மூச்சு விடக் கத்துக்கிறான் என்று அவனே தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான்.

அக்கா தினமும் சூப் செய்து கொண்டுவந்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் அத்தான் வருவார். இருவரும் தெருமுனைவரை நடப்பார்கள், பிறகு பூங்காவரை, பிறகு பூங்காவைச் சுற்றி. அத்தான் அவன் வேகத்துக்கு நடந்தார். அவசரப்படாதே மாப்ளே, நீ வராம நான் யாரோடும் பிடிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சொன்னபடி அந்த நாட்களில் அவர் வெட்டு மேசையிலேயே நின்றார். கிரேனுக்கு அது நெஞ்சைத் தொட்டது. சொந்த அண்ணன்கூட இப்படி இருக்க மாட்டான் என்று மனைவியிடம் சொன்னான்.

திரும்ப வேலைக்குப் போனபோது, எதிர்பார்த்தபடியே ஓரம் தேய்க்கிற மேசைதான். வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, சின்னச் சின்ன முகக்கண்ணாடிகளின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். போகிறவன் வருகிறவனெல்லாம் புதுப்பொண்ணு நலமா என்று கேட்டான். மதிய இடைவேளையில் அவன் பின்பக்கச் சந்தில் நடந்தான். சுவரைக் கையால் தள்ளி நின்று தோளுக்குப் பயிற்சி செய்தான். சுவர் எங்கேயும் போகாது, நீ எதுக்கு அதைத் தள்ளிட்டிருக்கே என்று சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகக் கேட்டார். சிரித்தான். வலிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

டாக்டர் ஒருவழியாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் பிடிக்கலாம் என்று சொன்னார். சூப்பர்வைசர் நடுத்தரக் கண்ணாடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இதை ரேக்கிலிருந்து மேசைக்குக் கொண்டுவா, பார்க்கலாம் என்றார். அத்தான் அப்போது வெளியே பொருத்துகிற இடத்தில் அளவு எடுக்கப் போயிருந்தார். முன்பிடிக்குச் சுள்ளியைக் கூப்பிட்டார்கள்.

சுள்ளி புதிதாகச் சேர்ந்த பெண். பெயருக்கேற்ற உடம்பு. காற்றடித்தால் கண்ணாடியோடு பறந்துவிடுவாள் என்று பட்டறையில் பேச்சு. கிரேன் வழக்கம்போல ஒரு முழம் உள்ளே போய்ப் பிடித்தான். சுள்ளி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, ஏன் அவ்வளவு உள்ளே நிக்கிறீங்க? ஓரத்துக்குப் போங்க."

"இதான் என் இடம்."

"உங்களுக்கே இப்பத்தான் சரியாயிருக்கு. ஓரத்துக்குப் போங்கண்ணே."

முன்பிடி சொன்னால் சொன்னதுதான். போனான். தூக்கு என்றாள்.

தூக்கினான், தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி தானாக எழுந்து வந்தது. யாரோ மேலேயிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி. பாரத்துக்கு என்று அவன் சேர்த்து வைத்திருந்த பலமெல்லாம் செலவழிக்க இடமில்லாமல் கையிலேயே நின்றது. மேசைக்கு வந்து இறக்கியதும் அவன் அளவுகருவியை எடுத்துக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தான். நடுத்தரக் கண்ணாடிக்கு எப்போதும் இருக்கிற தடிமன்தான். நம்பாமல் மறுமுனையிலும் வைத்துப் பார்த்தான். அதேதான். சுள்ளி மூச்சு வாங்காமல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி செய்த பலன் என்று முதலில் நினைத்தான். சுவரைத் தள்ளினது வீண் போகவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த நினைப்பு அவன் மனதில் ஒட்டவே இல்லை. அவ்வளவு பலம் எந்த மனிதனுக்கும் சில வாரத்தில் வராது.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு நீளப் பலகை கிடந்தது. மனைவியைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னான். உங்களுக்கு வேற வேலை இல்லையா என்றபடி பிடித்தாள். இவன் மறுமுனையைப் பிடித்தான். தூக்கினார்கள். ஐயோ, கனக்குதே என்றாள். அப்படியே பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அவன் கைகளை நடுப்பக்கமாக நகர்த்தினான். ஒரு முழம். பட்டறையில் நிற்கிற அதே தூரம்.

அவள் முகம் மாறியது. "இப்ப நான் எதுக்குங்க? நீங்களேதான் தூக்கிட்டிருக்கீங்க."

அவன் ஓரத்துக்கு வந்தான். கனக்குது என்றாள். மறுபடி உள்ளே போனான். இல்லை என்றாள். விளையாட்டு போல அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் பலகையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சை இரண்டு பேராகத் தூக்கின குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம். நடுவுக்கு யார் நெருங்கி நிற்கிறார்களோ அவர்கள் பக்கம் பாரம் வரும். இத்தனை வருஷம் கையில் வைத்துக்கொண்டு அவன் அதைப் பார்க்கவில்லை. உள்ளே வா என்றால் உள்ளே போனான். அவ்வளவுதான்.

மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னான். சொல்லி முடித்ததும் அவளும் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அன்று அக்கா விட்டுப்போன சூப் பாத்திரம் கழுவி வைத்தபடி சமையலறையில் இருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

மறுநாள் பரிசோதனைக்குப் போனபோது பிசியோதெரபிஸ்டிடம் கேட்டான், அதனால்தான் வயிறு கிழிந்ததா என்று. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, சிலருக்குத் தசை இயல்பாகவே பலவீனமாக இருக்கும், ஆனால் அப்படித் தூக்கியது நல்லதும் செய்திருக்காது. இனிமேல் அப்படித் தூக்கக் கூடாது என்பதை மட்டும் அவள் அடித்துச் சொன்னாள். மறுபடி கிழிந்தால் இப்படிச் சின்னதாக முடியாதாம்.

அன்று சாயங்காலம் அத்தான் வழக்கம்போல வந்தார். பூங்காவில் நடந்தார்கள். கிரேன் சுற்றி வளைக்கவில்லை. பாரத்தையெல்லாம் என் பக்கம் தள்ளுகிற அளவுக்கு உங்கள் கையில் என்ன கோளாறு என்று கேட்டான்.

அத்தான் நடையை நிறுத்தவில்லை. வலது கையில் மூன்று விரலுக்கு உணர்ச்சி இல்லை என்றார், நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். முதலில் மரத்துப் போய் மரத்துப் போய் வந்ததாம். இப்போது பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறதாம், பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்று பார்த்தால்தான் தெரியுமாம். சொன்னால் முன்பிடி போய்விடும். அந்த வயதில் அவரை வேறு எந்தப் பட்டறை எடுக்கும்?

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தான்."

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன் மாப்ளே. தெரிஞ்சேதான் நீ தாங்கிட்டு வர்றேன்னு நினைச்சேன்."

அது பொய்யா, அவர் தனக்கே சொல்லிச் சொல்லி உண்மையாக்கிக்கொண்டதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கேட்க வேண்டாம் என்று நினைத்ததையும் கேட்டுவிட்டான். "அக்காவுக்குத் தெரியுமா?"

அத்தான் அப்போதுதான் நின்றார்.

"அவகிட்டதான் முதல்ல சொன்னேன். வேலையை விட்டுடறேன்னுதான் சொன்னேன். அவதான், பின்னாடி தம்பிதானே இருக்கான், தாங்குவான்னா."

பூங்காவில் யாரோ பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு வந்து கிரேனின் காலில் பட்டு நின்றது. உதைத்துவிடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் காது கேட்டது, கால் வரவில்லை. அத்தான்தான் அதைத் தள்ளிவிட்டார்.

இரண்டு நாள் அவன் பேயறைந்தவன் போல வேலைக்குப் போய் வந்தான். சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. எப்படிச் சொல்வது? அத்தான் கையை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது. தொழில் கொடுத்தவரைத் தன் வாயாலேயே வெளியே தள்ளுவதா? சொல்லாமல் திரும்ப அதே ஜோடியில் நின்றால் வயிறு தாங்காது. மூன்றாவது வழி ஒன்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியபோது, நல்ல வழியாகவே தெரிந்தது.

சூப்பர்வைசரிடம் போய், தன்னால் இனிமேல் பின்பிடி முடியாது என்று சொன்னான். வயிறு முன்னே மாதிரி இல்லை, ஓரம் தேய்க்கிற மேசையிலேயே இருந்துவிடுகிறேன் என்றான். இதற்காகவா அத்தனை மூச்சு இழுத்தோம், இடுப்பைத் தூக்கினோம், சுவரைத் தள்ளினோம் என்று இருந்தது. போகட்டும். ஜோடி இல்லாவிட்டால் அத்தானும் வெட்டு மேசையிலேயே இருந்துவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம்.

சூப்பர்வைசர் அவன் தோளைத் தட்டினார். உடம்புதான் முக்கியம் என்றார். பிறகு பட்டறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். நூல் எவ்வளவு நாள் ஆள் இல்லாமல் சும்மா நிற்பது, இனிமேல் நூலுக்குப் பின்பிடி சுள்ளி.

இதைக் கிரேன் கணக்கில் எடுக்கவே இல்லை.

அன்றே ஒரு கண்ணாடி போக வேண்டியிருந்தது. பெரியது. ஒரு கடையின் முகப்புக்கு. கிரேன் தேய்க்கிற மேசையில் உட்கார்ந்திருந்தான். முகக்கண்ணாடி ஒன்றின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே, அத்தான் மறுத்துவிடுவார், இப்போது மறுத்துவிடுவார் என்று காத்திருந்தான். அத்தான் கையுறையை மாட்டினார். ரேக்குக்குப் போனார். முன்னால் நின்றார். சுள்ளி பின்னால் வந்து ஓரத்தில் பிடித்தாள்.

"உள்ளே வா, பொண்ணு."

அதே குரல். அவனிடம் சொன்னபோது எவ்வளவு பிரியமாக இருந்ததோ, அதே பிரியம்.

சுள்ளி ஏதோ கேட்கப் போனாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கண்ணாடியில் கை வைத்தாகிவிட்டது. மேசைப் பக்கம் ஒருமுறை, கிரேனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு முழம் உள்ளே போனாள்.

தூக்கு என்றார் அத்தான். கண்ணாடி எழுந்தது. சுள்ளியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு எட்டு வைத்தார்கள். அத்தான் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார், அது பிடித்திருக்கிறதா என்று. அவர் பார்த்ததைக் கிரேன் பார்த்தான்.

"இறக்கு."

அந்தப் பட்டறையில் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் மறுபேச்சில்லாமல் கண்ணாடி இறங்கிவிடும். ஆனால் சொன்னவன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், எல்லார் முன்னாலும். தன் குரலா அது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. கண்ணாடி ரேக்கில் சாய்ந்தது. தேய்க்கிற இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். பட்டறை முழுவதும் அவன் வாயைப் பார்த்தது.

"அவருக்கு வலது கை பிடிக்காது," என்றான். "பாரம் முழுக்கப் பின்னாடிதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அத்தான் கையுறையைக் கழற்ற முயன்றார். அது கழலவில்லை, விரலுக்கு இழுக்கத் தெரியவில்லை. சுள்ளிதான் போய்க் கழற்றிவிட்டாள். சூப்பர்வைசர் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், மூடச் சொன்னார். மூன்று விரல்கள் பாதி வழியில் நின்றுகொண்டன. நாளைக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு வா, அப்புறம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்றார் சூப்பர்வைசர். திட்டாதது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அத்தான் கிரேனின் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். போனார். அவனை அவர் பார்க்கவில்லை. அவனால் அவருடைய பிடரியை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. மனைவி வாசலிலேயே கண்ணைக் காட்டி, வந்து ரொம்ப நேரம் ஆச்சு என்று ஜாடை செய்தாள்.

அவன் எதிரே உட்கார்ந்தான். வரும் வழியில் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் இருந்தன. தாங்குவான் என்று எப்படிச் சொன்னாய்? அதைத் தெரிந்துகொண்டே எப்படித் தினம் சூப் ஊற்றினாய்? அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அழுவாள் என்று எதிர்பார்த்தான். குடும்பத்தைத் தெருவில் நிறுத்திட்டியே என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தான்.

"சட்டையைத் தூக்கு," என்றாள் அக்கா. "தையலைப் பார்க்கணும்."

இத்தனை நாள் வந்து போனவள், ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டையைத் தூக்கி, வயிற்றுப் பட்டையை இறக்கினான். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு விரல் நீளத்துக்கு, வெளிறிய ரோஜா நிறத்தில், ஒரு கோடு.

அவள் தோள் தளர்ந்தது. ரொம்ப நேரம் மூச்சைப் பிடித்து வைத்திருந்தவள் போல விட்டாள்.

"இவ்வளவுதானா," என்றாள்.

சட்டையைத் தூக்கிப் பிடித்த கையோடு அவன் அப்படியே இருந்தான். மனைவி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, சட்டையை இழுத்துவிட்டாள்.